பதினேழாவது வாரத்துப் படம்

"கம்பெனிக் கடுதாசிய எங்க வச்சிருக்க அண்ணே? ஒரு தரம் பாத்துட்டுக் குடுத்திருதேன்." காலையில் செண்பகம் கேட்டது இவ்வளவுதான். காப்பி டம்ளரின் அடியை முந்தானையால் துடைத்து, என் கதைத் தாள்களில் சொட்டு விழாமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, பென்சில் இரவல் கேட்கிற மாதிரி கேட்டாள். என்ன கடுதாசி என்றேன். அவுக போயிட்டாகன்னு உனக்கு வந்த கடுதாசி என்றாள். என் கூடப்பிறந்தவள், கப்பலில் சமையல்காரராகப் போன புருஷனிடமிருந்து மூன்று வருஷமாக ஒரு வரி வராமல் என் வீட்டில் இருக்கிறவள், அவர் செத்துப்போன சேதி எனக்கு வந்திருக்கிறது, நான் அதை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் அப்படி நினைக்கிறாள் என்பது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவன் என்ன செய்தேன்? அப்படி ஒரு கடுதாசி வரவே இல்லையம்மா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஷேவிங் பண்ணிட்டு வந்திருதேன் என்று சொல்லி, தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்துவிட்டேனாம். ஓடி வந்தேன் என்று சொல்லேன், ஆவுடையப்பா. நீயெல்லாம் ஒரு அண்ணன். இப்போது மாசிலாமணி சலூனில் தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டையை நீட்டிக்கொண்டு கிடக்கிறேன். அவர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சுழற்றிச் சுழற்றி நுரை எடுக்கிறார். எதிரே கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, எத்தனை ஆவுடையப்பன், அத்தனை பேருக்கும் தாடையில் நுரை. ஆணியில் என் பை தொங்குகிறது. அதற்குள் இருபத்தாறாவது வாரம், கடைசி அத்தியாயம், பதினாலு தாள். பன்னிரண்டு மணிக்குள் பத்திரிகை ஆபீசில் கொடுத்தாக வேண்டும். இப்போது மணி பத்தே முக்கால்.

கன்னத்தில் நுரை சில்லென்று ஏறுகிறது. இங்கே யாருக்கும் நான்தான் தொடர்கதை எழுதுகிற யாழ்வல்லபன் என்று தெரியாது. கார்ப்பரேஷன் குமாஸ்தா, அயனாவரத்தில் பத்து வருஷமாகக் குடியிருக்கிறவர், கிருதா கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்கிறவர், அவ்வளவுதான். பெஞ்சில் ரிட்டையர்டு ரயில்வே கார்டு நாயுடு உட்கார்ந்து 'செந்தாழை' வார இதழைப் புரட்டுகிறார். என் கதைப் பக்கத்தில்தான் நிறுத்துவார். வழக்கமாக இந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கும், வெட்கங்கெட்ட குறுகுறுப்பு, நான்தான்யா அது என்று சொல்லாமல் சொல்லிக்கொள்கிற ருசி. இன்றைக்கு அந்த அட்டையைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறேன். போன மாசம் நூலக விழாவில் மாலை போட்டு மைக் முன்னால் நிறுத்தி, தொடர்கதை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. திட்டம், ஐயா, எல்லாம் திட்டம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடமாட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு தாள், இருபத்தாறு வாரத்துக்கு இருபத்தாறு தாள். ஒவ்வொன்றிலும் நாலு வரி. என்ன நடக்கிறது, வாசகருக்கு அதில் எவ்வளவு தெரியலாம், எந்த வரியில் முடிக்க வேண்டும், நாலாவது வரி சிவப்புப் பென்சிலில் என்ன படம். இத்தனையும் கம்பியில் குத்தி வைத்த பிறகுதான் முதல் அத்தியாயத்தின் முதல் வார்த்தையை எழுதுவேன். எழுதும்போதும் கடைசி வரியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதை நோக்கித்தான் போவேன். முடிவு தெரியாமல் பேனாவைத் தொடமாட்டேன் என்றேன். கைதட்டினார்கள். அதில் பாதிக்கு மேல் நிஜம்தான், அதுதான் கொடுமை. பதினாறு வாரம் வரை அப்படியேதான் எழுதினேன். கம்பியில் கடைசித் தாளில் என்ன எழுதியிருந்தேன் என்று இப்போதும் எழுத்தெழுத்தாகத் தெரியும். சபேசன் வாசலில் நிற்கிறான். மரகதம் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அவ்வளவு. கப்பலில் போன புருஷன் சபேசன் திரும்பி வருகிறான். அதற்காகத்தான் அந்தக் கதையே.

மரகதம் யார் என்று நூலகத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செண்பகம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சங்கரலிங்கம் மாப்பிள்ளையின் சட்டை ஒன்றை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்து, கொடியில் காயப்போடுவாள். யாரும் போடாத சட்டை அழுக்காகுமா? பெட்டி வாசனை ஏறிறக் கூடாதுல்லா, வந்த உடனே போட எடுத்தா ஒரு மாதிரியா இருக்கும் என்பாள். மூன்றாவது அத்தியாயத்தில் அந்தச் சட்டையை அப்படியே தூக்கிக் கொடியில் போட்டேன். எத்தனை கடிதம் வந்தது அந்தச் சட்டைக்கு! அவளும் படித்தாள். எங்க சட்டையத் தூக்கிட்டியே அண்ணே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோபம் இல்லை. அதற்குப் பிறகு அவளே வந்து சொல்லத் தொடங்கினாள், இன்னைக்கு இப்படி ஒரு கனாக் கண்டேன், பினாங்கிலேருந்து கடைசியா வந்த கடுதாசியில தபால் முத்திரை இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு பாரு என்று. நான் கேட்டுக்கொண்டேன். ஆறுதலுக்காகக் கேட்டேனா, அத்தியாயத்துக்காகக் கேட்டேனா? இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதே இல்லை, இப்போது கத்தி தாடையில் ஏறும்போது கேட்கிறேன். ஒருநாள் அவள் கேட்டாள், கதையில சபேசன் வந்திருவாரா என்று. வருவான், பாரு என்றேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சம்! கதையில வந்தா இங்கயும் வருவாக என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். இதெல்லாம் ஒரு பேச்சா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக ஒருத்தி நம்புகிறாளே என்று பிடித்திருந்தது. தூ.

கழுத்த ஆட்டாதீங்க சார் என்கிறார் மாசிலாமணி. சரி, ஆட்டவில்லை. பதினேழாவது வாரம். படத்துக்கு அச்சு பிளாக் செய்ய நாள் வேண்டும் என்பதால் படம்தான் முதலில் போகும், எழுத்து பின்னால் போகும். மளிகைக்கடை போனில் ஓவியர் தாண்டவனைக் கூப்பிட்டு நாலாவது வரியைப் படித்தேன். மரகதம் குழாயடியில் குடத்தோடு நிற்கிறாள், தெருக்கோடியில் தபால்காரர், அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். சரி சார் என்றார். அந்த வாரம் அவர் மகளுக்கு அம்மை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வரைந்திருக்கிறார். படம் வந்தது. குடம் வந்தது, தபால்காரர் வந்தார், மரகதத்தின் முகம் பக்கத்தில் பாதி நிறைய வந்தது, நெற்றியில் பொட்டைக் காணோம். எனக்குக் கண்ணில் படவே இல்லை. பிரம்முதான், என் டீச்சர் பெண்டாட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்துவிட்டு, இது என்ன பாழ் நெத்தியா இருக்கு, செண்பகம் பாத்தா என்ன நினைப்பா என்றாள். படம்தானே என்றேன். இரண்டு நாளில் கடிதம் குவிந்துவிட்டது. சபேசன் இறந்துவிட்டானா, சொல்லாமல் சொல்கிறீர்களா, என் மாமியார் சாப்பிடவில்லை, என்று எத்தனையோ பேர். ஆசிரியர் சாரங்கபாணி ஆபீசுக்கே போன் போட்டார். பிரமாதம் சார், எங்களுக்கே தெரியாமப் பண்ணிட்டீங்களே, பொட்டு இல்லாமப் படம் போட்டு முன்கூட்டியே கோடி காட்டிட்டீங்களே, இதுதான் உங்க பிளானா என்றார். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அது ஓவியர் மறதி சார் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆமாம் சார், அப்படித்தான் பிளான் என்றேன். எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை! மறுநாள் தாண்டவனே மூச்சிரைக்க வந்தார், மன்னிச்சுக்குங்க சார், புள்ளை உடம்பு சரியில்லாத கலவரத்துல மறந்துட்டேன், அடுத்த வாரம் பளிச்சுனு பெரிசா வச்சிடறேன் என்றார். அந்த நல்ல மனுஷன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், வேண்டாம், இனிமே வைக்காதீங்க என்று. இருபதாவது வாரம் தந்தி வந்தது மரகதத்துக்கு. சபேசன் கடலோடு போனான். ஒரு சிட்டிகைக் குங்குமம் விட்டுப்போனதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு ஒரு மனுஷனைக் கொன்றேன்.

காகிதத்து மனுஷன்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். செண்பகத்திடம் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காதது எவ்வளவு வசதியாக இருந்தது! புத்திசாலிப் பெண், கதை வேறு நிஜம் வேறு என்று புரிந்துகொண்டாள் என்று எண்ணிக்கொண்டேன். தொடர்ந்து படித்தாள், எனக்குக் காப்பி போட்டாள், ரசத்தில் பெருங்காயம் தூக்கலாகப் போட்டாள், பிரம்முவோடு கோயிலுக்குப் போனாள். நெற்றியில் அந்த வட்டப்பொட்டு அப்படியே இருந்தது. அப்புறம் என்ன? ஆனால் சட்டை? இரு, இரு. கொடியில் சட்டை எப்போது கடைசியாகத் தொங்கியது? பொங்கலுக்கு? அதற்கு முன்னாலேயே இல்லை. மார்கழியில்? ஞாபகத்தைத் துழாவிப் பார்க்கிறேன், கொடியில் என் வேட்டி இருக்கிறது, பிரம்முவின் ரவிக்கை இருக்கிறது, அந்த நீலக்கோட்டுச் சட்டையைக் காணோம். வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று வருஷம் தொங்கிய சட்டை நின்றுபோனது என் கண்ணில் படவில்லை. கண் எனக்கு இல்லாமலா? தை அமாவாசை அன்றைக்கு அவள் எங்கேயோ போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்து, விளிம்பில் மணல் ஒட்டிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேனே. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நல்ல காட்சி என்று நினைத்தேன். கையோடு போய் ஒரு தாளில் குறித்து வைத்து, இருபத்துநாலாவது அத்தியாயத்தில் மரகதத்தை ஈரக் கொசுவத்தோடு வீட்டுக்குள் நடக்கவிட்டேன், சிமெண்டுத் தரையில் அவள் காலடியில் மணல். அதற்கும் கடிதம் வந்தது. பெண் மனசைப் படித்தவர் என்று சேலத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். படித்தவர்! அந்தக் கடிதத்தை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன், இப்போதும் இடுப்புக்குக் கீழே பர்ஸ் உறுத்துகிறது.

ஒரு கன்னம் முடிந்தது. மாசிலாமணி கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிறார். சும்மா இருக்காமல் நாயுடுவைக் கேட்கிறார், இன்னா சார், கடைசி வாரமாமே, மரகதம் இன்னா ஆவும் என்று. நாயுடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிறார். இன்னா ஆனாலும் சார், அந்தப் பொண்ணு புருஷன சாவடிச்சிருக்க வாணாம் என்று கத்தியை என் தொண்டைக்குக் கொண்டுவருகிறார் மாசிலாமணி. எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது, அழுகை வருகிற மாதிரியும் இருக்கிறது, தொண்டையில் கத்தி இருக்கும்போது இரண்டும் கூடாது. நாயுடு விடவில்லை. பதினேழாவது வாரத்துப் படத்தை எடுத்துப் பார், நெற்றியில் பொட்டு கிடையாது, அப்போதே முடிவு கட்டிவிட்டான், நமக்குத்தான் மூளை எட்டவில்லை, என்ன மாதிரித் திட்டம் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நூலகத்தில் நான் பேசியதை யாரோ அவருக்கு ஒப்பித்திருக்கிறார்கள். பாழாய்ப்போன திட்டம். வேண்டாம் நாயுடு, விட்டுவிடுங்கள், இந்த ஒரு நாள் என்னைப் புகழாதீர்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்:

"வாயால சொல்ல மனசு வரலேய்யா அவனுக்கு. அதான் படத்துல சொல்லிட்டான்."

இதைத்தான். இதையேதான் அவளும் நினைத்திருக்கிறாள். அண்ணனுக்குக் கம்பெனியிலிருந்து சேதி வந்துவிட்டது, தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை, பாவம், அதனால் கதையில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறான், முதலில் பொட்டு, பிறகு தந்தி, பிறகு வெறும் வீடு. என்னைப் பற்றி எவ்வளவு நல்லபடியாக நினைத்திருக்கிறாள்! தை போய் மாசி வந்துவிட்டது. இத்தனை நாளும் அடுப்படியில் நின்றுகொண்டு, புருஷன் செத்த துக்கத்தையும் காத்துக்கொண்டு, அதைச் சொல்ல முடியாமல் தவிக்கிற அண்ணனுக்காகவும் பரிதாபப்பட்டுக்கொண்டு ரசம் வைத்திருக்கிறாள். கடைசி அத்தியாயம் இன்றைக்குப் போகிறது, கதை முடிந்த பிறகு அண்ணன் எப்படிச் சொல்வான், அதனால் நாமே கேட்டுவிடுவோம், ஒரு தரம் பாத்துட்டுக் குடுத்திருதேன். குடுத்திருதேனாம்! இல்லாத கடுதாசி. அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள். நான் வராவிட்டால் வராததையே பதில் என்று எடுத்துக்கொள்வாள், வந்து சொல்ல முடியாமல் எங்கேயோ சுற்றுகிறான் என்று எடுத்துக்கொள்வாள், முகத்தைக் கழுவப் போவாள், ஐயோ, முகத்தைக் கழுவப் போவாள். எழுந்துவிட்டேன். கத்தி தாடையில் இழுத்துவிட்டது, சுரீர் என்கிறது. மாசிலாமணி சார் சார் என்கிறார். கழுத்தில் கட்டிய துண்டோடு, ஒரு கன்னத்தில் நுரையோடு தெருவில் இறங்கி நடக்கிறேன், நடையா ஓட்டமா தெரியவில்லை, தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். பை ஆணியிலேயே தொங்குகிறது. தொங்கட்டும்.

தண்ணீர் லாரி தாண்டி, மளிகைக்கடை தாண்டி, அந்தப் போன் தாண்டி, நம் சந்து. என்ன சொல்வது? முதல் வரி என்ன? பார்த்தாயா, இப்போதும் முதல் வரி தேடுகிறாய். செண்பகம், ஒரு தப்பு நடந்துபோச்சு. இல்லை, நடந்துபோச்சு இல்லை, நான் பண்ணினேன். கதவு சாத்தியிருக்கவில்லை. என் எழுத்து மேஜைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத்தான் முதலில் பார்த்தேன். பொட்டு இருந்தது. சுற்றிலும் காலண்டர் தாள்கள். கடுதாசியைத் தேடியிருக்கிறாள், மேஜை இழுப்பறையைத் துழாவி, பெட்டியைத் துழாவி, கடைசியில் கம்பியில் குத்தியிருந்ததை உருவிப் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கையில் கடைசித் தாள் இருந்தது. இதுல அவரு வாசல்ல நிக்காருன்னுல்லா எழுதியிருக்க, இது கடுதாசி வாரதுக்கு முன்னால எழுதினதா அண்ணே என்று கேட்டாள். நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"கடுதாசி எதுவும் வரலம்மா. படம் போட்டவரு பொட்டு வைக்க மறந்துட்டாரு."

அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. மறந்துட்டாரா என்றாள். ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், தாண்டவன் மகளுக்கு அம்மை கண்டதை, கடிதம் வந்ததை, ஆசிரியர் கேட்டதை, அப்படித்தான் பிளான் என்று நான் சொன்னதை, பெரிசா வைக்கிறேன் என்றவரை வேண்டாம் என்றதை. சொல்லச் சொல்ல எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது! கடைசித் தாளை மடியில் வைத்து, மடிப்பு இல்லாத இடத்தையும் விரலால் நீவிக்கொண்டிருந்தாள். ரொம்ப மெதுவாக, அப்ப அவுக இருக்காகளா என்றாள்.

நூலகத்தில் மைக் முன்னால் நின்று முடிவு தெரியாமல் பேனாவைத் தொடமாட்டேன் என்று சொன்னவன் நான்தான்.

"எனக்குத் தெரியாதும்மா."

அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வேறு எதையோ கணக்குப் பார்ப்பவளாகத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். தை அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போனாளாம். பொம்பளைக்குப் பண்ணி வைக்கமாட்டேன் என்று இரண்டு புரோகிதர்கள் விரட்டிவிட்டார்களாம். மூன்றாவது ஆளிடம், அண்ணனுக்கு வாய்விட்டுச் சொல்ல மனசு வரல சாமி, அவன் வந்து பண்ணமாட்டான், நானே பண்ணிருதேன் என்று அழுதாளாம். அவர் புருஷன் பேரைக் கேட்டாராம். மூன்று தரம் சொல்லச் சொன்னாராம். எள்ளும் தண்ணியும் விட்டாளாம், அலை முழங்காலுக்கு வந்ததாம். பொட்டை மட்டும் எடுக்கவில்லை. நீ வாயத் தொறந்து சொல்லுத வரைக்கும் இருக்கட்டும், நான் அழிச்சிட்டு முன்னால நின்னா உனக்குத் தாங்காதுன்னு வச்சிருந்தேன் என்றாள். அப்புறம் நிமிர்ந்து, உசிரோட இருக்கிறவுகளுக்கு எள்ளுந்தண்ணியும் விட்டா என்ன ஆகும் அண்ணே, அத யாருட்டப் போயிக் கேக்க என்றாள். நுரை காய்ந்து கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது. தாடையிலிருந்து இரத்தம் துண்டில் இறங்கியிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். என்ன இது, பாதியில எந்திரிச்சு வந்திருக்க என்று கிட்டே நகர்ந்து, முந்தானையை நாக்கால் நனைத்து, சின்ன வயசில் நான் அவளுக்குத் துடைத்துவிட்ட மாதிரி என் கன்னத்தைத் துடைத்தாள். எனக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த ஈரச் சேலையையும் எழுதினியே அண்ணே. எதுக்கு நனைஞ்சிருக்குன்னு என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."